பம்பு நன்றாகத்தான் ஓடுகிறது

மாமா வீட்டில் முதலில் எழுந்திருப்பது அம்மா. எழுந்ததும் அடுப்பு மேடையைத் துடைப்பாள். முந்தின இரவு படுக்கப் போகும்போதும் அதே மேடையைத்தான் துடைத்துவிட்டுப் போயிருப்பாள். நடுவில் அது எப்படி அழுக்காகியிருக்கும் என்று யாரும் கேட்டதில்லை. பாத்திரத்தின் அடிப்பக்கம், குழாயின் கழுத்து, மின்விசிறியின் முதுகு என்று எதையும் விட்டுவைக்க மாட்டாள். "உங்கம்மா சோப்பையே கழுவித்தான் வைப்பா" என்று அத்தை கேலி பண்ணுவாள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. சோப்பில் ஒட்டிய முடியை எடுத்துவிட்டு, ஒருமுறை தண்ணீரில் காட்டித்தான் டப்பாவில் வைப்பாள் அம்மா.

ஏன் என்று மகளுக்குத் தெரியும். அண்ணன் வீடாகவே இருந்தாலும் அடுத்தவர் வீடு. கை ஓய்ந்தால் கண்ணில் படுவோம் என்ற பயம்.

மகளுக்குப் பத்தொன்பது வயது. அந்த வீட்டில் அவளுக்குப் பேர் ஊமை. பேச வராமல் இல்லை, பேசுவதில்லை. மாமாதான் அந்தப் பேரை வைத்தார், வைத்த பேர் ஒட்டிக்கொண்டது. அப்பா போன பிறகு இரண்டு வருஷம் பெரியப்பா வீட்டில் இருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கொடுத்த அறை வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அதன் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. அம்மா வேலைக்குப் போன பகல்களில் கதவுக்கு வெளியே ஒரு செருப்புச் சத்தம் வந்து நிற்கும். அவள் அரிசி டின்னை நகர்த்திக் கதவுக்கு முட்டுக்கொடுத்து, அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். யாருடைய செருப்பு என்று அவளுக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் நின்றதும் அந்த வீட்டில்தான்.

மாமா வீட்டில் சமையலறையை ஒட்டி ஒரு சின்ன அறை. பழைய பெட்டிகளும் அவர்கள் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். ஜன்னல் இல்லை. ஆனால் கதவில் உள்பக்கம் இரும்புத் தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. வந்த முதல் வாரம் முழுக்க அதைப் போடுவதும் திறப்பதுமாகவே இருந்தாள். போதாக்குறைக்குத் தேங்காய் எண்ணெய் தொட்டு வைத்தாள்.

கூடத்தில் மாமாவின் மீன்தொட்டி இருந்தது. ஐந்தடி நீளம். அடியில் ஒரு கூழாங்கல் கூடக் கிடையாது. கண்ணாடி கண்ணாடியாகவே தெரிய வேண்டும் என்பார் மாமா. உள்ளே ஆறு மீன்கள். ஐந்து ஆரஞ்சு நிறம். ஆறாவது, நெற்றி புடைத்த கிழட்டு மீன், உள்ளங்கை அகலம். அதற்குப் பேர் பெரியவர். மாமா வேலை முடிந்து வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே "பெரியவர் சாப்பிட்டாரா?" என்றுதான் கேட்பார். மற்றவர்கள் சாப்பிட்டதைப் பற்றி அவர் கேட்டதாக யாருக்கும் நினைவில்லை.

தொட்டிக்குக் கீழே மர அலமாரி. அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேல் தொட்டியின் தண்ணீர் ஒரு குழாய் வழியாகக் கீழே விழுந்து, ஒரு கூடையில் இருக்கும் ஸ்பாஞ்சிலும் பீங்கான் வளையங்களிலும் வடிந்து, கடைசி அறைக்கு வரும். அங்கே முழுகிக் கிடக்கும் கைப்பிடி அளவு பம்பு அதை மறுபடி மேலே தள்ளும். இரவும் பகலும் இதே வேலை.

முதலில் இதையெல்லாம் பார்க்க மாதம் ஒருமுறை தொட்டிக்காரர் வருவார். தனக்குத் தானே பேசிக்கொண்டே வேலை செய்கிற மனுஷன். ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே இரண்டு தடவை பிழிந்துவிட்டு, பழுப்பு நிறம் போகாமலே திருப்பி வைப்பார். ஒருநாள் அத்தை, "இன்னும் அழுக்காத்தானே இருக்கு?" என்று கேட்டதற்கு அவர் சிரித்தார்.

"இது அழுக்கு இல்லம்மா, குடித்தனம். கண்ணுக்குத் தெரியாததுங்க இதுக்குள்ள குடியிருக்கு. மீனோட கழிவத் தின்னு தண்ணிய விஷமாகாம வச்சிருக்கறது அதுங்கதான். குழாய்த் தண்ணியில தேச்சுக் கழுவினீங்கன்னா குடித்தனம் காலி. அப்புறம் மீனும் காலி."

ஊமை கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா அப்போது மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். பிறகு மாமா தொட்டிக்காரரை நிறுத்திவிட்டார். "வீட்டுலயே ஆள் இருக்கே" என்றார். அன்றிலிருந்து தொட்டி ஊமையின் பொறுப்பு. அவளுக்கு அது பிடித்திருந்தது. மீன்கள் அவளைப் பேசச் சொல்லவில்லை.

புதன்கிழமை காலை பம்பு சத்தம் மாறியது. முனகல் மாதிரி இருந்தது, நடுவில் ஒரு கடகடப்பு. மேலே தண்ணீர் விழும் வேகமும் பாதியாகிவிட்டது.

"ஏய் ஊமை, பம்பு என்ன இருமுது? சளி புடிச்சிருச்சா?" என்றார் மாமா, தட்டின் முன்னால் உட்கார்ந்தபடி. "இன்னிக்கே பார்த்துடு. ஞாயித்துக்கிழமை எங்க மேனேஜர் குடும்பத்தோட வர்றாரு. தொட்டியப் பார்க்கவே வர்றாரு. பெரியவருக்கு ஒண்ணு ஆச்சு, ஆத்தாளும் மகளும் மூட்டையக் கட்டிக்குங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அத்தையும் சிரித்தாள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தது அம்மா. 

மாமா கிளம்பினதும் அவள் வேலையில் இறங்கினாள். முதலில் பிளக்கைப் பிடுங்கினாள். வெறும் சுவிட்சை அணைத்துவிட்டுத் தண்ணீரில் கை விடும் ஆள் இல்லை அவள். வழியில் இருந்த ஸ்பாஞ்சுக் கூடையை எடுத்து வெளியே வைத்துவிட்டு, பம்பிலிருந்து மேலே போகும் ஹோஸின் கிளிப்பைத் திருப்புளியால் தளர்த்தினாள். ஹோஸ் வரவில்லை. வருஷக்கணக்கில் இறுகி, கருவாடு மாதிரி விறைத்துப்போயிருந்தது. அசைத்து அசைத்து இழுத்ததில் முனை கிழிந்துகொண்டு வந்தது.

பம்பை வாளியில் போட்டு எடுத்து வந்து, முன்மூடியைக் கால் சுற்றுத் திருப்பிக் கழற்றினாள். உள்ளே காந்தத்தோடு சேர்ந்த குட்டி விசிறி. அதைச் சுற்றி ஒரு நீள முடி நூற்கண்டு மாதிரி சுருண்டிருந்தது. அத்தையுடையது; சாயம் போட்ட முடி. விசிறி உட்காரும் குழியில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. முடியை ஊசியால் எடுத்தாள். வினிகரில் விசிறியை ஊறவைத்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் குழியைத் தேய்த்தாள். பிறகு நல்ல தண்ணீரில் ஏழெட்டு முறை அலசினாள். நடுவிலிருக்கும் தண்டு பீங்கான். பல்லுக்குச்சி கனம்தான் இருக்கும். முறிந்தால் பம்பையே தூக்கிப் போட வேண்டியதுதான். மூச்சைப் பிடித்துக்கொண்டு திருப்பிச் செருகினாள். விரலால் சுண்டிவிட்டதும் விசிறி வழுக்கிக்கொண்டு சுற்றியது.

இனி ஹோஸ். கிழிந்த முனையை வெட்டினால் ஓர் அங்குலம் குறைகிறது. குறைந்தால் எட்டவில்லை. அலமாரிக்குள் தலையை விட்டு, மேலே போகும் குழாயின் வளைந்த மூட்டான எல்போவைத் தளர்த்தி, கீழ்நோக்கிச் சாய்த்துத் திருப்பினாள். மரையில் வெள்ளை டேப்பைப் பத்துச் சுற்று இழுத்துச் சுற்றி இறுக்கினாள். ஹோஸின் முனையை வெந்நீரில் முக்கி, இளகியதும் பம்பின் வாயில் திணித்துக் கிளிப்பை முடுக்கினாள். கழுத்து வலித்தது, முட்டி நனைந்திருந்தது. ஆனால் கை ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

நடுவில் அம்மா வந்ததை அவள் கவனிக்காமல் இல்லை.

"எவ்வளவு நேரமா குனிஞ்சே கெடக்கற. நான் ஏதாச்சும் பண்ணட்டுமா?" என்று அம்மாவின் குரல் கேட்டது.

"வேணாம்மா. முடிஞ்சிருச்சு."

"இந்தக் கூடை என்ன, சாக்கடை மாதிரி நாறுது."

எல்போ அப்போதுதான் மரையில் ஏறிக்கொண்டிருந்தது. விட்டால் நழுவும். "ம்" என்றாள். அம்மாவுக்கு அந்த 'ம்' போதுமானதாக இருந்தது. பின்னால் குழாய் திறக்கும் சத்தமும் துணிபோல் எதையோ அடிக்கும் சத்தமும் கேட்டன. துணி துவைக்கிறாள் என்றுதான் நினைத்தாள்.

அலமாரியிலிருந்து தலையை வெளியே எடுத்தபோது அம்மா எதிரில் நின்றாள். கையில் கூடை. கூடையில் ஸ்பாஞ்சு பால்போல் வெளுத்திருந்தது. பீங்கான் வளையங்கள் ஒவ்வொன்றும் பல் மாதிரி மின்னின. பிளீச்சிங் பவுடர் வாசனை மூக்கைத் துளைத்தது.

"பாரு, புதுசா வாங்கினாப்பல இல்ல?" என்றாள் அம்மா. முகமெல்லாம் சிரிப்பு. "மூணு தடவ ஊறவச்சேன். மேனேஜர் அலமாரியத் தொறந்து பார்த்தாலும் ஒண்ணும் சொல்ல முடியாது."

தொட்டிக்காரர் சொன்னது மகளுக்கு வாய்வரை வந்தது. அம்மா அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"என்னடி பார்க்கற? நல்லா இல்லையா?"

"நல்லாருக்கும்மா."

வாசனை போகும்வரை ஸ்பாஞ்சை வாளி வாளியாக அலசினாள். வாசனை போய்விட்டது. உள்ளே குடியிருந்ததும் போய்விட்டது. எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துப் பிளக்கைச் செருகினாள். பம்பு ஓடியது. ஓடுவதே தெரியவில்லை, அப்படி ஓர் அமைதி. மேலே தண்ணீர் தடதடவென்று கொட்டியது. பெரியவர் வந்து அந்த ஓட்டத்தில் நின்று துடுப்பை ஆட்டினார்.

மாலையில் மாமா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுவிட்டு, "அட, ஊமைக்குக் கையில வாய் இருக்கு" என்றார். அது அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை.

வழி இல்லாமல் இல்லை. தீனியை நிறுத்தினால் கழிவு குறையும். கழிவு குறைந்தால் விஷமும் குறையும். தினம் கொஞ்சம் தண்ணீரை மாற்றினால் குடித்தனம் மறுபடி வந்து சேரும்வரை தாக்குப்பிடிக்கலாம். அவள் கணக்கு அப்படி இருந்தது. வியாழக்கிழமை காலை மாமா தீனி டப்பாவைத் திறந்தபோது, எதிரில் போய் நின்றாள்.

"மாமா, ஒரு நாலு நாளைக்குத் தீனி போட வேணாம்."

"ஏன்?"

"பம்பு... இப்பத்தான் மாட்டினது."

"மீன் பம்பையா திங்குது?" மாமா அத்தையைப் பார்த்துக் கண்ணடித்தார். "ஊமை வருஷத்துக்கு ஒருதரம் வாயத் தொறக்கறா, அதுவும் பெரியவர் வயித்துல அடிக்க." இரண்டு பங்காகவே கொட்டினார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நிறம் ஏற வேண்டுமாம்.

காரணத்தைச் சொன்னால் நிறுத்துவார். காரணம் அம்மா.

அன்று பகலில் வீட்டிலுள்ள அண்டா குண்டா எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தாள். குழாய்த் தண்ணீர் ஒருநாளாவது திறந்து கிடந்தால்தான் மருந்து வாடை போகும். வெள்ளிக்கிழமை மாமா கிளம்பினதும் பன்னிரண்டு வாளி மொண்டு கொட்டிப் பன்னிரண்டு வாளி ஊற்றினாள். அம்மாவும் கூடச் சுமந்தாள். "எதுக்குடி இது?" என்றாள்.

"தண்ணி பளிச்சுன்னு இருக்கும்மா."

அது அம்மாவுக்குப் புரிகிற காரணம். இன்னும் இரண்டு வாளி கூடவே சுமந்தாள்.

மறுநாளைக்காக அண்டாக்களை மறுபடி நிரப்பியதில், சாயங்காலம் அத்தை குளிக்கப் போனபோது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி காலி. "மீனுக்குத் தினம் கல்யாணக் குளியலா? நான் என்ன துண்ட வச்சுத் தொடச்சுக்கறதா?" என்று வீடே அதிரக் கத்தினாள். மறுநாள் வாளியைத் தொடக் கூடாது என்று உத்தரவு.

சனிக்கிழமை மீன்கள் ஆறும் மேல்மட்டத்துக்கு வந்து வாயைப் பிளந்து பிளந்து மூடின. செவுள் ரத்தச் சிவப்பு. மாமா நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்தார். "பார்த்தியா, என்னைக் கூப்பிடறாரு" என்று இன்னொரு சிட்டிகை போட்டார். பெரியவர் தின்னவில்லை. தீனி தண்ணீரில் ஊறி, மெதுவாக இறங்கி, கண்ணாடி அடியில் வெண்மையாகப் படிந்தது. மாமா எழுந்து போனதும் அவள் ஹோஸ் துண்டால் அதை உறிஞ்சி எடுத்தாள். அதற்கு மேல் அவளால் ஆகக்கூடியது ஒன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மீன்கள் மிதந்தன. பெரியவர் அடியில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். ஒரு கண் கூரையைப் பார்த்தது. பம்பு தண்ணீரைத் தள்ளும்போதெல்லாம் வால் அசைந்தது. உயிர் இருப்பதாகவே மாமா கொஞ்ச நேரம் நம்பினார். பேரைச் சொல்லிக் கண்ணாடியைத் தட்டினார். பிறகு கையை விட்டு எடுத்தார்.

"என்னடி பண்ண?" ஈரக் கையோடு அவளிடம் வந்தார். "புதன்கிழமை வரைக்கும் குத்துக்கல்லாட்டம் இருந்ததுங்க. நீ கை வச்சே, போச்சு. என்னத்தடி போட்ட அதுல?"

"ஒழுங்கா வந்துக்கிட்டிருந்த தொட்டிக்காரரை நிறுத்துனது யாராம்?" என்றாள் அத்தை உள்ளேயிருந்து.

"நீ வாய மூடு."

அம்மா ஓடி வந்தாள். தொட்டியைப் பார்த்தாள், அண்ணன் முகத்தைப் பார்த்தாள். மகளைப் பிடித்து இழுத்துக் கன்னத்தில் ஒன்று வைத்தாள். இரண்டாவது காதோடு விழுந்தது. "பாவி, குடியக் கெடுத்துட்டியே! மாமா கேக்கறாரில்ல, சொல்லேன்!" அந்தக் கையில் இன்னும் பிளீச்சிங் வாசனை இருந்தது.

ஊமை அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கண்ணில் பயத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு.

"வினிகர்ல கழுவினேன்" என்றாள். "சரியா அலசல போலருக்கு."

மாமா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வராதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் தொட்டிமேல் பூப்போட்ட படுக்கை விரிப்பு ஒன்றைப் போர்த்தினார்கள். மேனேஜரின் சின்னப் பெண் விரிப்பைத் தூக்கப் பார்த்தது. "மீன் தூங்குது பாப்பா" என்று அத்தை கையைப் பிடித்துக்கொண்டாள். "பகல்லயா?" என்றது அது. மாமா யாரையும் பார்க்காமல் சிரித்தார். விருந்தாளிகள் காபி குடித்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பினார்கள்.

அவர்கள் போனதும் மாமா சத்தம் போடவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீ இருந்துக்க" என்றார் அம்மாவிடம். "நீ இருந்தா வீடு வீடா இருக்கு, நான் இல்லேங்கல. இவ இங்க வேணாம். அவ பெரியப்பா வீட்டுல பெரியம்மாவுக்கு முட்டி வலி, கூடமாட ஆள் வேணும்னு கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. நாளைக்கே அனுப்பிடு."

"அண்ணா..." என்றாள் அம்மா. காலி காபி டம்ளர்களை எடுத்து அடுக்கத் தொடங்கினாள்.

திங்கட்கிழமை காலை தொட்டிக்காரர் வந்தார். மாமாதான் போன் பண்ணி வரச்சொல்லிவிட்டு வேலைக்குப் போயிருந்தார். அத்தை பக்கத்தில் நிற்க, அலமாரியைத் திறந்து தரையில் உட்கார்ந்து காதைச் சாய்த்தார்.

"பம்பு ஜோரா ஓடுதே. யாரு பார்த்தது? எல்போவத் திருப்பில்ல விட்டிருக்காங்க, எனக்கே தோணியிருக்காது." பிறகு கூடையைத் தூக்கினார். பேச்சு நின்றது. வெளுத்த ஸ்பாஞ்சைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அடக் கடவுளே. இத யாரு இப்படித் தேச்சுக் கழுவினது? பம்புல ஒரு தப்பும் இல்லம்மா. கொன்னது இதுதான்."

சமையலறை வாசலில் அம்மா துடைக்கும் துணியோடு நின்றிருந்தாள்.

"நான்தான்" என்றாள் ஊமை, யாரும் கேட்கும் முன்னால்.

"பார்த்தீங்களா, நேத்து வினிகர்னா, இன்னிக்கு இது" என்றாள் அத்தை. "இன்னும் என்னென்ன பண்ணினாளோ."

அம்மா வாயைத் திறந்தாள். துணி கையிலிருந்து நழுவி விழுந்தது. அத்தையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.  குனிந்து துணியை எடுத்து, அது விழுந்த இடத்தைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள்.

மகள் அறைக்குள் போய்ப் பையில் துணிகளை அடுக்கினாள். அதிகம் இல்லை. கொஞ்ச நேரத்தில் அம்மா உள்ளே வந்து கதவைச் சாத்தினாள். முந்தானைக்குள் எதையோ ஒளித்துக்கொண்டு வந்திருந்தாள். எடுத்து நீட்டினாள். அலமாரியிலிருந்த திருப்புளி.

மகளுக்கு முதலில் புரியவில்லை. அம்மா கதவின் தாழ்ப்பாளைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்குத் திருகத் தெரியாது" என்றாள். "நீதான் கழட்டணும்."

அவள் மண்டியிட்டுத் திருகினாள். நான்கு திருகாணிகள். எண்ணெய் போட்டு வைத்திருந்ததால் எளிதாக வந்தன. ஒவ்வொன்றாக அம்மாவின் உள்ளங்கையில் போட்டாள். அம்மா ஒவ்வொன்றையும் முந்தானையால் துடைத்தாள். மரையில் ஒட்டியிருந்த மரத்தூளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். தலையில் இருந்த கறையை எச்சில் தொட்டுத் தேய்த்தாள். தாழ்ப்பாளையும் துடைத்து, எல்லாவற்றையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து பையின் அடியில் வைத்தாள். அதன்மேல் துணிகளை இழுத்து மூடினாள்.

கதவில் தாழ்ப்பாள் இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. கூடத்தில் தொட்டிக்காரர் மிச்சத் தண்ணீரை வெளியேற்றிக்கொண்டிருந்தார்.

"அங்க அந்தக் கதவு உளுத்துப் போயிருக்கும்" என்றாள் அம்மா, அவள் முகத்தைப் பார்க்காமல். "இந்த ஸ்க்ரூ நிக்காது. போற வழியில கடையில நீளமானதா கேட்டு வாங்கிக்க."